பெருசாத் தெரியுறது

தாம்பரத்தில் ஏறியதுமே ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், ஜன்னலோரம்! வேறொரு நாளாக இருந்தால் ஜெசிந்தா அதை வீட்டுக்குப் போன் போட்டே சொல்லியிருப்பாள். இன்றைக்கு அந்த இடமே சந்தேகமாக இருந்தது. பெரிதாக எதையோ பிடுங்கப் போகிறவர்கள் முதலில் கையில் ஒரு மிட்டாயைக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தாள். ஆய்விதழின் அந்த இணையப் பக்கம் நேற்றிலிருந்து மூடாமலே இருக்கிறது. மெய்ப்பு சரி பார்த்துவிட்டேன், அச்சிடலாம் என்று சொல்வதற்கு ஒரு நீலப் பொத்தான். பகல் பன்னிரண்டு மணிக்குள் அழுத்த வேண்டும். அழுத்தினால் கட்டுரை வெளிவரும், நாலு பேர் பெயரில் அவள் பெயர் முதலாவதாக இருக்கும், அடுத்த வாரம் வானியல் நிறுவனத்தில் நிரந்தர வேலைக்கான நேர்முகத்தில் ஐந்து பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பற்றித்தான் கேட்பார்கள். முப்பத்தேழு வயதில், மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிற ஒருத்திக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ரயிலில் உட்கார்ந்த கையோடு அழுத்திவிடுவது என்று நேற்றே முடிவு செய்தாகிவிட்டது. உட்கார்ந்தும் ஆகிவிட்டது. விரல்தான் போக மாட்டேன் என்கிறது. எல்லாம் அந்த ரிமோட்டால் வந்த வினை. காலையில் டிவி ரிமோட் மக்கர் பண்ணுகிறது என்று அவள் கணவன் டெரன்ஸ் அதைத் தொடையில் தட்டிப் பார்த்தான், பேட்டரியைக் கழற்றிக் கடித்துப் பார்த்தான், கடைசியில் போன் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அமுக்கினான். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அதன் முனை போன் திரையில் ஊதாவாக மினுக்கியது. "உசுரோடதான் இருக்கு ஜெசி. நம்ம கண்ணுக்கு மங்கல், கேமராவுக்கு எப்படிப் பளிச்சுன்னு தெரியுது பாரு" என்றான். அகச்சிவப்பு ஒளியை வைத்தே பிழைக்கிறவளுக்கு அவன் பாடம் எடுக்கிறான். சிரித்துக்கொண்டே இடது காலில் செருப்பை மாட்டினாள். வலது காலை நுழைக்கும்போது ஒரு குரல் கேட்டது. பதினாலு மாதத்துக்கு முந்தைய அவளுடைய சொந்தக் குரல். "பெருசாத் தெரியுறதை வைங்க அண்ணே, சீக்கிரம்."

சானடோரியம் வந்தது, போனது. எதிர் இருக்கைப் பெண்மணி மடியில் செய்தித்தாளை விரித்து பீன்ஸ் நார் உரிக்க ஆரம்பித்தாள், அலுவலகம் போகிற வழியில் ராத்திரிச் சமையலுக்கு. பெருசாத் தெரியுறதை வைங்க. சொன்னேனா, அப்படித்தான் சொன்னேனா? பதினாலு மாதம் கழித்துச் செருப்பு மாட்டும்போது கேட்கிற குரலை யார் நம்புவார்கள். ஞாபகம் என்பது ஆளுக்குத் தகுந்த மாதிரி ஜோடித்துக்கொண்டு வரும். ஆனால் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? எந்த நட்சத்திரப் பட்டியலிலும், அன்றைக்கு ஒப்பீட்டுக்கு எடுத்த அந்த நட்சத்திரத்தை இரட்டை என்றுதான் போட்டிருக்கிறது. ஒரு வெள்ளை நட்சத்திரம், அதை ஒட்டினாற்போல ஒரு சிவப்பு நட்சத்திரம். பிரகாசமானதுதான் பெரிதாகத் தெரியும்; வெள்ளைதான் பிரகாசம், சிவப்பு மங்கல். யாருக்குப் பிரகாசம்? கண்ணுக்கு. கண்ணுக்கு! அந்தத் தொலைநோக்கியில் அன்றைக்குக் கண் எங்கே இருந்தது? அகச்சிவப்புக் கேமரா அல்லவா இருந்தது. அகச்சிவப்பில் பார்த்தால் ஆறிப்போன சிவப்புதான் ஜொலிக்கும், வெள்ளை ஓரமாக ஒண்டிக்கொண்டு நிற்கும். இது அவளுக்குத் தெரியாதா? அதற்கு முந்தைய வருடமே கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் இதையே பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். தெரியும். தெரிந்தும் சொன்னாள். குரோம்பேட்டையில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு ஏறியபோது, அத்தனை பேரும் தன் போன் திரையைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தோன்றி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் பார்த்தது ஒரு கோள் நெபுலா. பெயரில் மட்டும்தான் கோள்; பழைய காலத்துச் சின்னத் தொலைநோக்கிகளில் உருண்டையாகத் தெரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். நம் சூரியன் மாதிரியான ஒரு நட்சத்திரம் சாகும்போது ஊதித் தள்ளுகிற வாயுதான் அது. வளையமாக, ஓரத்தில் ஒரு பொட்டோடு இருந்ததால் அவளுக்கு அது கம்மல். ஐந்து வருடமாகக் கம்மல் கம்மல் என்று சொல்லி டெரன்ஸுக்கும் அதுதான் பெயர். வயதான கம்மலில் மூலக்கூறு எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது, நடுவில் இருக்கிற செத்த நட்சத்திரத்தின் புற ஊதாக் கதிர் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டிருக்கும். அப்படி இருக்க, அவளுடைய நிறமாலையில், இரண்டு புள்ளி மூன்று மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்தில், வரிசையாக நாலு மேடு. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு, ரம்பப் பல் மாதிரி. கார்பன் மோனாக்சைடு. வண்டிப் புகையில் இருக்கிற அதே சனியன், எத்தனையோ ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால், இருக்கவே கூடாத இடத்தில், சூடாக ஒளிவிட்டுக்கொண்டு. அப்படியானால் செத்த நட்சத்திரத்தைச் சுற்றி தூசியும் வாயுவும் சுழல்கிற ஒரு தட்டு, அடர்த்தியாக, பத்திரமாக, இன்னும் அழியாமல் இருக்கிறது. அன்றைக்கு அவள் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றினாள். அம்மாவைக் கூப்பிட்டாள். தூத்துக்குடியில் இருந்த அம்மாவுக்குக் கார்பனும் புரியவில்லை, தட்டும் புரியவில்லை. "யாரும் பாக்காததை நீ பாத்திருக்கியாட்டி?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம்மா என்றாள் ஜெசிந்தா. அந்த ஆமாமை நம்பித்தான் அம்மா இன்றைக்கு அந்தோணியார் கோயிலில் ஒன்பது மணிப் பூசையை மகளுக்காக நன்றிப் பூசையாகக் கொடுத்திருக்கிறாள். இப்போது மணி ஒன்பது பன்னிரண்டு. இன்னாருக்காக இந்தப் பூசை என்று சாமியார் கருத்து வாசித்து முடித்திருப்பார். பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி.

மூலக்கூறு வருமா வராதா என்பதெல்லாம் ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. நெபுலாவின் ஒளி நம் காற்றைத் தாண்டித்தான் கீழே வருகிறது. காற்றில் இருக்கிற நீராவியும் மற்றதும் வழியிலேயே அங்கங்கே கடித்து விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று தெரிந்துகொள்ள, பக்கத்திலேயே ஒரு நட்சத்திரத்தை, அந்த இடத்தில் தனக்கென்று ஒரு மேடு பள்ளம் இல்லாத வெள்ளை நட்சத்திரமாகப் பார்த்து, அதே காற்று வழியாகப் படம் எடுத்து, அதனால் நெபுலாவை வகுக்க வேண்டும். அதற்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். காற்று இரண்டிலும் உண்டு, அடிபட்டுப் போகும்; மிச்சம் நெபுலா. ஆனால் வெள்ளைக்குப் பதில் சிவப்பு நட்சத்திரத்தை வைத்துவிட்டால்? சிவப்பின் மேனி ஆறியது, அதில் கார்பன் மோனாக்சைடு கொட்டிக் கிடக்கும், இரண்டு புள்ளி மூன்றில் வரிசையாக நாலு பள்ளம் இருக்கும். பள்ளத்தால் வகுத்தால் மேடு வரும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், சின்ன எண்ணால் வகுத்தால் விடை பெரிது என்று. நாலு பள்ளம், நாலு மேடு, அதனதன் இடத்தில், இம்மி பிசகாமல். அவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே என்று அன்றைக்குப் பூரித்தாள். கச்சிதமாகத்தான் இருக்கும். பல்லாவரத்தில் யாரோ அவள் காலை மிதித்தார்கள், அவள் மன்னிப்புக் கேட்டாள்.

இல்லை, இரு, நிதானமாக யோசி. தொலைநோக்கி இருக்கிற மலை, அன்றைக்குச் சாயங்காலம். சூரியன் விழுந்த கையோடு, வானம் இன்னும் வெளிறிக் கிடக்கும்போதே அகச்சிவப்பில் வேலையைத் தொடங்கலாம், அதனால் ஆறரை மணிக்கே ஆரம்பித்தார்கள். கம்மல் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது, முக்கால் மணி நேரத்தில் மலைக்குப் பின்னால் போய்விடும், தெற்கே மேகம் வேறு. ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய நேரம். கையில் டீ, அதில் ஆடை. தொலைநோக்கியை இயக்குகிற மாதேஷ் அண்ணன், இருபது வருடமாக அந்த மலையை விட்டு இறங்காத மனிதர், திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மேடம், ரெண்டு தெரியுதுங்க. எதை வெக்கட்டும்?" அவள் குறிப்பைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாளா? பார்க்கவில்லை. குறிப்பில் பிரகாசமானது என்று எழுதியிருந்தது, வெள்ளை என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை, அவளே எழுதியதுதான். "பெருசாத் தெரியுறதை வைங்க அண்ணே, சீக்கிரம்." அவர் கை நின்றது. இது ஞாபகம் இருக்கிறது, நின்றது. "இல்லீங்க மேடம், எப்பவும்..." என்று ஆரம்பித்தார். எப்பவும் என்ன? எப்பவும் சின்னதைத்தான் வெப்போம் என்றாரா, எப்பவும் நீங்க சொல்றதைத்தான் வெப்போம் என்றாரா? அந்த இடத்தில் அவள் மனசு பழைய கேசட் மாதிரி சிக்கிக்கொள்கிறது. எப்பவும், எப்பவும், எப்பவும். அடுத்து ஞாபகத்தில் இருப்பது டீயின் ஆடை உதட்டில் ஒட்டியதும், "அண்ணே, மேகம் வருது, விவாதம் பண்ண நேரமில்ல" என்று அவள் வெடுக்கென்று சொன்னதும்தான். இதை அவள் பதினாலு மாதமாக நினைத்துப் பார்த்ததே இல்லை. மாதேஷ் அண்ணனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். மலையில் அப்படித்தான். மறுபடி போட்டாள். வெளியே.

அழுத்திவிட்டால் என்ன? சும்மா ஒரு பேச்சுக்கு. அழுத்திவிட்டால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? கட்டுரையைச் சோதித்த இரண்டு அறிஞர்களும் பாராட்டித்தான் எழுதினார்கள். கூட எழுதிய மூன்று பேரும் அவள் கணக்கை நம்பினார்கள், அவள் தன் குறிப்பை நம்பினாள், குறிப்பு யாரையும் நம்பவில்லை. சந்தேகம் என்பது சந்தேகம்தானே, ரிமோட்டைப் பார்த்து வந்த சந்தேகம். நேர்முகம் முடியட்டும், வேலை கிடைக்கட்டும், அப்புறம் ஆற அமர மறுபடி பார்த்து, தப்பென்றால் ஒரு திருத்தம் போடலாம். எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள். திருத்தத்தில் என்ன எழுதுவது? தொலைநோக்கியை இயக்கியவர் தவறான நட்சத்திரத்தை வைத்ததால். வாக்கியம் தானாக வந்தது, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, அதில் பொய் என்று ஒரு எழுத்துகூட இல்லை. வைத்தது அவர் கைதான். அது வந்த வேகத்தைப் பார்த்துத்தான் ஜெசிந்தாவுக்கு முதுகு சில்லிட்டது. இவ்வளவு தயாராகவா இருந்தேன். அண்ணே அண்ணே என்று கூப்பிட்டு அவர் வீட்டு ராகிக் களியைத் தின்றுவிட்டு. கட்டுரையின் கடைசியில் அவருக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாள், பெயரோடு. அந்தப் பெயர் இருக்கிற கட்டுரைக்கே அப்புறம் திருத்தமாக அவர் தலையில் பழியைப் போடுவது. ஐந்து பேரில் யாராவது ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஸ்டாண்டர்டு எதும்மா, இரட்டையா, எதை வெச்சீங்க என்று கேட்டால்? கேட்பார்கள். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் இன்னும் முப்பது வருடம் யாராவது கேட்பார்களா என்று பயந்துகொண்டே சம்பளம் வாங்க வேண்டும். பீன்ஸ் பெண்மணி நிமிர்ந்து, "ஏம்மா, மயக்கமா வருதா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே" என்றாள். இல்லைங்க, கிண்டியில எறங்கிடுவேன் என்றாள் ஜெசிந்தா. "காலைல சாப்பிட்டியா?" சாப்பிட்டேங்க. சாப்பிடவில்லை. இன்றைக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

திரிசூலம் தாண்டுகையில் போன் அதிர்ந்தது. மாதேஷ் அண்ணன். "மேடம், கூப்ட்டிருந்தீங்களா? மேல சிக்னல் இல்லீங்க, தண்ணி டேங்க் பக்கம் வந்தாத்தான் எடுக்குது." அவள் சுற்றி வளைக்கவில்லை. போன வருஷம், சாயந்தரம், கம்மல் எடுத்த அன்னைக்கு, ரெண்டு நட்சத்திரம் தெரிஞ்சுதே அண்ணே, எதை வெச்சோம்? அவர், "பெருசை வெச்சோங்க. நீங்கதான் சொன்னீங்க" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற குரல். "நோட்டுலகூட எழுதி வெச்சிருக்கேன். எப்பவும் அதுல சின்னதைத்தான் வெப்போம், மேடம் சொன்னதால பெருசு வெச்சதுன்னு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் எப்பவும் என்பதற்கு அப்புறம் வந்த வார்த்தை கிடைத்துவிட்டது. "அப்புறம் நீங்க சாப்பிடப் போனீங்களா, நான் சின்னதையும் ஒருக்கா எடுத்து வெச்சனுங்க. மேகம் வர்றதுக்குள்ள ஒரு நாலு படம். உங்க ஃபைலோடயே சேத்து அனுப்பிட்டனே, பாக்கலீங்களா?" ஏன் அண்ணே எடுத்தீங்க என்று கேட்டாள் ஜெசிந்தா. "நீங்க அன்னைக்கு அவசரத்துல இருந்தீங்க. காலைல நிதானமா வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க கேக்கவே இல்லீங்களே மேடம்."

மீனம்பாக்கத்துக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவில் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். தேட வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு இடம் தெரியும், பாழாய்ப்போன இடம் நன்றாகவே தெரியும். தேவையில்லாதவை என்று பெயர் வைத்த ஒரு கோப்புறை. அன்றைக்கு வந்த கோப்புகளைப் பிரிக்கும்போது, பட்டியலில் இல்லாத நாலு படம், அதே நட்சத்திரப் பெயரில், ஏதோ ஆபரேட்டர் மேகத்தில் தெரியாமல் எடுத்தது என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல், அவள் கையாலேயே உள்ளே தள்ளிய நாலு படம். ஒரு தடவை மாதேஷ் அண்ணன் வாயில் சொன்னார், அவள் கேட்கவில்லை. இன்னொரு தடவை படமாகவே எடுத்துக் கையில் கொடுத்தார், அப்போதும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கோப்பின் பெயரை மாற்றி மறுபடி வகுக்கச் சொல்லி நிரலை ஓடவிட்டாள். பரங்கிமலையில் பெட்டி பாதி காலியானது. அந்த நாலு மேடும் வரக் கூடாது என்றும் வந்துவிடட்டும் என்றும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டாள். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற அந்தோணியாரே, எதை வேண்டிக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கோடு திரையில் இடமிருந்து வலமாக வந்தது. ஹைட்ரஜன் மேடு இருந்தது, ஹீலியம் இருந்தது, எல்லாக் கம்மலிலும் இருப்பது. இரண்டு புள்ளி மூன்று வந்தது. பாய் விரித்த மாதிரி கிடந்தது. ஒரு மேடுகூட இல்லை. அவள் விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தாள், தூசி ஏதாவது மறைக்கிறதா என்பது போல. ஐந்து வருடத்தில் அவளுக்குச் சொந்தமாகக் கிடைத்த ஒரே ஒரு பொருள், அது அங்கே இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, பசிதான் வந்தது. "கிண்டி வந்திருச்சும்மா, எறங்கலையா?" என்றாள் பீன்ஸ் பெண்மணி.

கிண்டி நடைமேடையில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது முப்பத்தெட்டு. போன் அடித்தது. அம்மா. எடுக்க வேண்டாம் என்று நினைத்து எடுத்தாள். "ஏட்டி ஜெசி, பூசை இப்பதான் முடிஞ்சிது. சாமி ஓம் பேரை நல்லா நிறுத்தி வாசிச்சாவ. வானத்துல யாரும் காணாததைக் கண்டுபிடிச்ச மகளுக்காக நன்றின்னு. கோயிலே திரும்பி என்னையப் பாத்துச்சு. எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு." பின்னால் கோயில் மணியும் ஆட்டோச் சத்தமும் கேட்டன. அம்மா, என்றாள் ஜெசிந்தா. அம்மா, அது அங்க இல்லம்மா. "எது எங்க இல்ல?" நான் பாத்தேன்னு சொன்னது. தப்பாப் பாத்துட்டேன். நெபுலாவுல இல்ல, பக்கத்துல வச்ச வேற ஒரு நட்சத்திரத்துல இருந்துச்சு. அது அங்க இருக்கறது எல்லாருக்கும் முன்னயே தெரியும். சொல்லச் சொல்ல, முதல் தடவையாக அதை வாயால் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒரு விரைவு ரயில் நிற்காமல் போனது. "வேற யாருக்கும் தெரியுமாட்டி?" இல்லம்மா. எனக்கும் மலையில ஒரு அண்ணனுக்கும்தான். "வேலை?" தெரியலம்மா. கோயில் வாசலில் நின்றுகொண்டு, யாராவது வந்து கையைப் பிடித்துப் பாராட்டினால் என்ன சொல்வது என்று அம்மா யோசித்துக்கொண்டிருப்பாள். "சரி," என்றாள் அம்மா. "குடுத்த பூசையைத் திருப்பியா வாங்க முடியும். நீ சொல்ல வேண்டியவங்ககிட்ட மொதல்ல சொல்லிரு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." வைத்துவிட்டாள்.

நீலப் பொத்தான் அங்கேயேதான் இருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பதிப்பாசிரியருக்கும் கூட எழுதிய மூன்று பேருக்கும் ஒரே கடிதமாக எழுதத் தொடங்கினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஸ்டாண்டர்டு எடுக்கையில் தவறு நேர்ந்துவிட்டது. நேர்ந்துவிட்டது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், என்னமோ மழை பெய்த மாதிரி. அதை அழித்தாள். அந்த வெண்ணெய் வாக்கியம் இன்னும் உள்ளே எங்கோ வாசலில் நின்றுகொண்டிருந்தது, கூப்பிட்டால் வந்துவிடும். அவள் வேறொன்றை எழுதினாள். எந்த நட்சத்திரத்தை வைப்பது என்று தொலைநோக்கியை இயக்கிய மாதேஷ் கேட்டார். பெரிதாகத் தெரிவதை வைக்கச் சொன்னது நான். சரியானது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கீழே தன் பெயரை மட்டும் போட்டாள். எதிர் நடைமேடையில் தாம்பரம் வண்டி வந்து நின்று கிளம்பியது. அனுப்பினாள். அப்புறம் எழுந்துபோய்க் கடையில் இரண்டு இட்லி கேட்டாள்.